கோழியைக் கையில் எடுத்தவர்கள்

கோழியின் நலிவைக் கண் காண்பதற்கு முன்பே கை கண்டுகொள்ளும். இறகு ஒரு போர்வை. நெஞ்சுச் சதை பாதி கரைந்துவிட்ட கோழியும் இறகின் திரட்சியால் கொழுத்ததுபோலத் தோன்றி முற்றத்தில் மேய்ந்துகொண்டிருக்கும். மேலும், பிற உயிர்களுக்கு இரையாகும் பறவைகள் தம் நோவை எளிதில் வெளிக்காட்டுவதில்லை. தளர்ந்தது எதுவென்று தெரிந்துவிட்டால் பருந்து வருவதற்கு முன் உடன்மேயும் கோழிகளே அதைக் கொத்தத் தொடங்கிவிடும். இறக்கை தொங்கிக் கண்மூடிக் குறுகி நிற்கும் நாளில் நோய் முற்றியிருக்கும். ஆகவே கோழியின் உடல்நலம் பற்றிய அறிவின் வரலாறு பெரும்பாலும் தொடுகையின் வரலாறே. அவ்வறிவு யாருடைய கையில் இருந்தபோது எழுத்தாயிற்று, யாருடைய கையில் இருந்தபோது எழுத்தாகவில்லை என்ற கேள்விதான் அரிதாகக் கேட்கப்பட்டிருக்கிறது.

தமிழகச் சிற்றூர்களில் அந்தி சாயும்போது கோழிகளைப் பஞ்சாரத்தில் அடைக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே விடும் அந்தச் சில நொடிகளில் நடைபெறுவது ஒரு முழு உடற்பரிசோதனை என்று அவர்களில் எவரும் சொல்லிக்கொள்வதில்லை. கழுத்தடியிலுள்ள தீனிப்பை அந்தியில் நிறைந்திருக்க வேண்டும். விடியலில் வற்றியிருக்க வேண்டும். விடியலிலும் அது கல்லாகக் கிடந்தால் இரை கட்டிக்கொண்டது; நீர் தளும்பி, அலகோரம் புளித்த வாடை வந்தால் உள்ளே தீனி புளித்துவிட்டது. நெஞ்செலும்பின் இருபுறமும் விரல் ஓட்டினால் சதை திரண்டு நிற்கிறதா, எலும்பு கத்தியின் முதுகுபோல் துருத்துகிறதா என்பது தெரிந்துவிடும். வாலடி இறகுகளை விலக்கினால் இறகின் அடித்தண்டில் வெண்ணிறமாகக் கட்டிக்கிடக்கும் பேன்முட்டை தெரியும். காலின் செதில்கள் வழவழப்பாக இல்லாமல் தூக்கிக்கொண்டு நின்றால் செதிலுக்கடியில் உண்ணி குடியேறியிருக்கிறது. பாதத்தின் நடுவே கெட்டியான புண் இருந்தால் கோழி உயரமான இடத்திலிருந்து கரட்டுத்தரையில் குதித்துக் குதித்து இறங்குகிறது. கோழியைக் காதருகே கொண்டுபோனால் மூச்சில் கரகரப்பு இருக்கிறதா என்பதும் கேட்டுவிடும். நாளை முட்டையிடுமா என்று அறிய விரல்விட்டுப் பார்க்கும் வழக்கமும் இத்துடன் சேர்ந்ததே.

கைக்கும் எல்லைகள் உண்டு. கோழியின் இயல்பான உடல்வெப்பம் 41 முதல் 42 பாகை செல்சியஸ். அதைவிடக் குளிர்ந்த மனிதக் கைக்கு நலமுள்ள கோழியே காய்ச்சல் கண்டதுபோலத்தான் படும். பகல் முழுதும் கூட்டின் விரிசல்களில் ஒளிந்திருந்து இரவில் மட்டும் குருதி உறிஞ்சும் சிவப்பு உண்ணியைப் பகலில் கோழியைத் தடவிக் கண்டுபிடிக்க முடியாது. கோழிக்கு உதரவிதானம் இல்லை. நெஞ்சுக்கூடு விரிந்து சுருங்கினால்தான் மூச்சு. நலம் பார்க்கிறேன் என்று நெஞ்சை இறுக்கிப் பிடிப்பவர் அதை மூச்சடைத்துக் கொன்றுவிடவும் கூடும். எப்படிப் பிடிப்பது என்பதும் இந்த அறிவின் பகுதியே: முன்கையின்மேல் நெஞ்சைத் தாங்கி, கால்களை விரலிடுக்கில் பற்றி, தலையைத் தன் உடலின் பக்கம் வைத்துக்கொள்வது.

தமிழில் இவ்வகை அறிவுக்குக் ‘கைப்பக்குவம்’ என்று பெயர். சமையலுக்கும் மருந்துக்கும் உயிர் வளர்ப்புக்கும் பொதுவான சொல். பாராட்டுச் சொல்தான், ஆனால் அதில் ஒரு விலக்கலும் உண்டு. கைப்பக்குவம் என்று சொல்லிவிட்டால் அதைக் கற்பிக்க முடியாது, எழுத வேண்டியதில்லை என்றாகிவிடுகிறது. தொல்காப்பிய மரபியல் ‘அளகு’ என்ற பெயரைக் கோழிக்கும் கூகைக்கும் உரியதாக்கி, மயிலுக்கும் அது பொருந்தும் என்று வரையறுக்கிறது. பெட்டைக்கு எப்பெயர் பொருந்தும் என்பதில் இத்தனை கவனம் காட்டிய ஒரு மொழியில், அந்தப் பெட்டையின் நெஞ்செலும்பை எப்படித் தடவிப் பார்ப்பது என்பதற்கு ஒரு நூல் எழவில்லை. வெடைக்கோழி, அடைக்கோழி என்று பேச்சுமொழி வகுத்திருக்கும் பருவங்களிலேயே அவ்வறிவு தங்கியிருக்கிறது.

சேவலின் கதை வேறு. கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் 12ஆம் நூற்றாண்டில் எழுந்த ‘மானசோல்லாசம்’ அரசனுக்குரிய பொழுதுபோக்குகளில் ஒன்றாகச் சேவற்போரைச் சேர்த்துப் பேசுகிறது. ஆந்திரத்தில் ‘குக்குட சாஸ்திரம்’ என்ற பெயரில் சுவடிகளும் அச்சுப் பிரதிகளும் வழங்கிவருகின்றன. சேவலின் நிறத்தையும் நாள், நட்சத்திரத்தையும் திசையையும் வைத்து வெற்றி தோல்வி சொல்லும் நூல்கள் அவை. அசீல் என்ற இனத்தின் பெயரே அரபியில் ‘உயர்ந்த வேருடையது’ என்று பொருள்படுவது. சேவலை நாள்தோறும் கையில் எடுத்து நீவி, எடை கணித்து, நெஞ்சையும் தொடையையும் அழுத்திப் பார்த்து வளர்த்தவர்கள் ஆண்கள். அதன்மேல் பந்தயம் இருந்தது. பெட்டையைப் பஞ்சாரத்தில் அடைத்தவர்கள் பெண்கள். அதன்மேல் வீட்டின் ஒரு வேளைக் குழம்பும் பள்ளிக்கூடச் செலவும் இருந்தன. சாஸ்திரம் முன்னதற்குத்தான் எழுந்தது. அந்தச் சாஸ்திரமும் கை அறிந்ததை எழுதாமல் நட்சத்திரத்தை எழுதியது என்பது தனியாக எண்ணத்தக்கது.

எழுத்தில் ஏறிவிட்டதாலேயே ஓர் அறிவு சரியானதாகிவிடாது என்பதற்கு ஐரோப்பாவிலும் சான்று உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா, தம் நூலின் எட்டாம் பகுதியில் கோழி வளர்ப்பை விரிவாக எழுதினார். கோழியின் நாக்கு நுனியில் வெண்தோல் படர்வதை ஒரு நோயாகக் கருதி, அத்தோலை நகத்தால் உரித்துவிட்டுச் சாம்பல் தடவும் முறையை அவர் குறித்திருக்கிறார். இம்மருத்துவம் பல நூற்றாண்டுகள் ஐரோப்பியப் பண்ணைகளில் தொடர்ந்தது. கோழியின் நாக்கு நுனி இயல்பாகவே கொம்புபோல் கெட்டியானது. சளியால் மூக்கடைத்த கோழி வாயால் மூச்சுவிடும்போது அது மேலும் உலர்ந்து தடிக்கும். நோய் மூக்கில் இருக்க, தண்டனை நாக்குக்குக் கிடைத்தது. தொட்டுப் பார்த்தவர்கள் சரியாகத்தான் தொட்டார்கள். தொட்டதற்குச் சொன்ன பொருள் தவறு.

தொடுகையை எண்ணாக மாற்றிய முயற்சி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்தது. கலிபோர்னியாவின் சோனோமா மாவட்டத்திலுள்ள பெட்டலூமா என்ற சிற்றூர் அக்காலத்தில் ‘உலகின் முட்டைக்கூடை’ என்று தன்னைச் சொல்லிக்கொண்டது. லைமன் பைஸ் என்பவர் 1879இல் அங்கு அடைகாக்கும் பொறியை உருவாக்கியபின் ஊரே கோழிப்பண்ணையாகிவிட்டது. குஞ்சு பொரிப்பது எளிதானவுடன் வேறொரு சிக்கல் முளைத்தது. ஆயிரம் கோழிகளில் எது முட்டையிடுகிறது, எது தீனியைத் தின்று சும்மா இருக்கிறது? அதை அறிய இருந்த நம்பகமான வழி பொறிக்கூடு. கோழி உள்ளே நுழைந்ததும் கதவு அடைத்துக்கொள்ளும். ஒருவர் வந்து திறந்து, காலிலுள்ள வளையத்தின் எண்ணைப் பார்த்து ஏட்டில் பதிந்துகொண்டு வெளியே விட வேண்டும். நாளைக்குப் பலமுறை, ஆண்டு முழுதும். மெய்ன் மாநில ஆய்வு நிலையத்தில் 1898 முதல் இம்முறை கையாளப்பட்டது. ஆய்வு நிலையத்துக்கு அது கூடும். கடனில் பண்ணை நடத்துபவருக்குக் கூடாது.

பெட்டலூமாவில் வாழ்ந்த வால்டர் ஹோகன் 1913இல் வெளியிட்ட ‘தி கால் ஆஃப் தி ஹென்’ என்ற நூல் அந்தச் சிக்கலுக்குத் தந்த விடை: கை. (அதே சோனோமா மாவட்டத்தில் அப்போது வாழ்ந்துகொண்டிருந்த ஜாக் லண்டனின் புகழ்பெற்ற நாய்க் கதையின் தலைப்பு இதில் எதிரொலிக்கிறதோ என்று ஐயுறத் தோன்றும்.) ஹோகன் கோழியைக் கையில் எடுத்து மூன்று செய்திகளைப் பார்த்தார். முதலாவது, நெஞ்செலும்பின் பின்முனைக்கும் இடுப்பெலும்பின் இரு முனைகளுக்கும் இடையே எத்தனை விரல் அடங்குகிறது என்பது. அது வயிற்றின் கொள்ளளவு. இரண்டாவது, அந்த இடுப்பெலும்பு முனைகளின் தடிப்பு. மெலிந்து வளைந்து கொடுத்தால் தீனி முட்டையாகிறது, தடித்திருந்தால் சதையாகிறது என்பது அவர் கணிப்பு. மூன்றாவது, நெஞ்செலும்பின்மேல் சதை எந்த அளவுக்கு நிற்கிறது என்பது.

பின்வந்தவர்கள் முதல் இரண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள். உண்மையில் ஹோகனின் முறை முழுவதும் மூன்றாவதில்தான் நிற்கிறது. நோயுற்றோ பட்டினியிலோ மெலிந்த கோழியின் வயிறு சுருங்கியிருக்கும்; அதன் விரற்கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டால் நல்ல கோழி கழித்தெறியப்படும். ஆகவே முதலில் நெஞ்செலும்பைத் தொட்டு, கோழி நலமாக இருக்கிறதா, எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று கணித்து, அதற்கேற்ப மற்ற அளவுகளைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று அவர் வகுத்தார். விளைச்சலை அளக்குமுன் உடல்நலத்தை அளக்க வேண்டும் என்ற வரிசை அதில் இருந்தது.

அவர் எடுத்துக்கொண்ட அலகு விரல். தமிழர்க்கு இது புதிதன்று. ‘விரற்கடை’ என்ற பழைய முகத்தல் அல்லாத நீட்டலளவை நினைவுக்கு வரும். ஆளுக்கு ஆள் விரல் வேறுபடும் என்பதால் அறிவியலாளர் சிலர் முகம் சுளித்தனர். ஆனால் ஒரே ஆள், தன் ஒரே விரலால், தன் கோழிகளை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது அந்தக் குறை பெரிதன்று. பெரிய குறை வேறிடத்தில் இருந்தது. விரல் சொல்வது கோழியின் இன்றைய நிலையை. முட்டையிட்டுக்கொண்டிருக்கும் கோழியின் இடுப்பெலும்பு முனைகள் விலகியிருக்கும். இறகுதிர்க்கும் பருவத்தில் அதே கோழியில் அவை நெருங்கிவிடும். ஹோகனோ அதிலிருந்து ஆண்டு முழுதுக்குமான முட்டைக் கணக்கை அட்டவணையாக இறக்கினார். அத்துடன் நில்லாமல், சேவலின் மண்டையோட்டின் பின்புறப் புடைப்பைத் தடவி அதன் வழித்தோன்றல்களின் தரத்தைச் சொல்லலாம் என்றும் நம்பினார். மனிதர் மண்டையைத் தடவிக் குணம் சொன்ன 19ஆம் நூற்றாண்டுப் போலி அறிவியலின் நிழல் அது. நெஞ்செலும்பைத் தொட்ட அதே கைதான் மண்டையையும் தொட்டது. கோழி வரலாற்றில் மெய்யும் பொய்யும் இப்படி ஒரே உள்ளங்கையில் அடுத்தடுத்துக் கிடக்கின்றன.

கைக்குப் போட்டியாகக் கண் விரைவில் வந்தது. 1915இல் கனெக்டிகட்டின் ஸ்டோர்ஸ் ஆய்வு நிலையத்தில், பின்னாளில் ஊமத்தைச் செடியின் குரோமோசோம் ஆய்வால் பெயர்பெற்ற ஆல்பர்ட் பிளேக்ஸ்லீயும் டி. இ. வார்னரும் ஓர் உண்மையை வெளியிட்டனர். மஞ்சள் தோலுடைய கோழி முட்டையிடத் தொடங்கியதும் தீனியிலிருந்து கிடைக்கும் மஞ்சள் நிறமி மஞ்சட்கருவுக்குப் போய்விடுகிறது, உடல் வெளுக்கிறது. முதலில் எச்சத்துவாரம், பிறகு கண்ணைச் சுற்றிய வளையம், காதுமடல், அலகு, இறுதியாகக் கால். முட்டை நின்றதும் அதே வரிசையில் நிறம் திரும்புகிறது. இப்போது கோழியின் காலைப் பார்த்தே அதன் சில மாத வரலாற்றைச் சொல்லலாம். முதல் உலகப்போர்க் காலத் தீவன நெருக்கடியில் அமெரிக்க வேளாண் கல்லூரிகள் ஊர் ஊராகச் சென்று, விரலளவையும் நிறத்தையும் சேர்த்து, வீண்கோழிகளைக் கழிக்கும் செயல்விளக்கங்கள் நடத்தின.

இந்த நிறவரிசைக்கு ஒரு பின்கதை உண்டு. 2008இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வுக் குழு, வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு செங்காட்டுக்கோழியிடமிருந்து வந்ததன்று, தென்னிந்தியாவிலும் மேற்கிந்தியாவிலும் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று காட்டியது. ஆக, ஸ்டோர்ஸ் பேராசிரியர்கள் வெள்ளை லெகார்னின் காலில் படித்த எழுத்து மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டிலிருந்து எப்போதோ கடன் வாங்கியது. ஆனால் அதே எழுத்து இந்தியக் கோழிகள் எல்லாவற்றிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியில் பீல், பீலாலா மக்கள் வளர்க்கும் கடக்நாத் கோழியின் தோலும் கொண்டையும் காலும் சதையும் கறுப்பு. வெளுப்பும் சிவப்பும் காட்டிக்கொடுக்காத அந்த உடலில் குருதிச்சோகையையோ முட்டை நின்றதையோ நிறம் சொல்லாது. அங்குப் படிப்பதற்கு எஞ்சியிருப்பது எலும்பும் சதையும் வயிற்றின் மென்மையும்தான். 2018இல் அக்கோழிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அதன் கருஞ்சதையின் சத்தும் சந்தையும் நிறையப் பேசப்பட்டன. அதை வளர்த்த கைகளுக்கு என்ன தெரியும் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

இந்தியாவுக்குள் நூலறிவாக இம்முறைகள் வந்தது கிறித்துவ ஊரகப்பணி மையங்கள், பிறகு அரசுப் பண்ணைகள், கல்லூரிகள் வழியாக. 1920களில் அப்போதைய திருவிதாங்கூரைச் சேர்ந்த மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹேட்ச் நடத்திய ஊரக மையம் வெள்ளை லெகார்ன் சேவல்களைப் பரப்பி, முட்டைகளைக் கூட்டுறவாக விற்கவும் ஏற்பாடு செய்தது. இசத்நகரில் 1939இல் கோழியாய்வுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியது. இன்றும் இந்தியக் கால்நடைப் பாடநூல்களில் நல்ல முட்டைக்கோழிக்கு இடுப்பெலும்பு முனைகளின் இடைவெளி இரண்டு மூன்று விரல் இருக்க வேண்டும் என்ற அட்டவணையைக் காணலாம். ஹோகனின் பெயர் அதிலிருந்து உதிர்ந்துவிட்டது; விரல் மட்டும் நிற்கிறது. பாட்டியின் விரல் அறிந்ததற்கு நெருக்கமான ஒன்றைப் பேத்தி விரிவாக்க அலுவலரின் அட்டவணையில் ‘அறிவியல்முறை’ என்ற தலைப்பில் படிக்கிறாள்.

இதே காலத்தில்தான் கை ஐயத்துக்குரியதாகவும் ஆனது. 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கோழிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற புதிய நோய், 1927இல் குமாவோன் மலையிலுள்ள ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டது. முக்தேஸ்வர் ஆய்வகத்தின் ஜே. டி. எட்வர்ட்ஸ் அதைப் பதிவு செய்தார். உலகம் அதற்கு நியூகாசில் நோய் என்றும் இந்தியா ராணிக்கேத் நோய் என்றும் பெயரிட்டன, இரண்டும் ஊர்ப்பெயர்கள். தமிழ்ப் பேச்சு வழக்கோ ‘வெள்ளைக்கழிச்சல்’ என்றது. ஆய்வகம் நோய் எங்கே அகப்பட்டது என்று சொல்ல, முற்றம் அது எப்படித் தெரிகிறது என்று சொல்கிறது. ஆனால் கழிச்சல் தெரியும் நாளில் செய்வதற்கு அநேகமாக ஒன்றுமில்லை. கொடுமை என்னவென்றால், அந்த நச்சுயிரி எச்சத்திலும் சளியிலும் கலந்து கையிலும் காலணியிலும் கூடையிலும் முட்டைத்தட்டிலும் ஏறிப் பயணம் செய்யக்கூடியது. நோயுற்றதைத் தூக்கிப் பார்த்த கையே நலமாயிருப்பதையும் அடுத்துத் தூக்குகிறது. முதல் கோழி சாய்ந்ததும் மற்றவற்றை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோகும் வழக்கம் நோயை ஊர் கடத்தியது. கைக்கழுவலும், நலமான கோழிகளை முதலிலும் ஐயத்துக்குரியதைக் கடைசியிலும் தொடும் ஒழுங்கும் இல்லாத தொடுகை, அறிவாக இருந்தபடியே ஆபத்தாகவும் ஆயிற்று. கைப்பக்குவத்தைப் போற்றுபவர்கள் இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் புரட்டுவதில்லை.

1940களில் முக்தேஸ்வரில் ஹாடோவும் இத்னானியும் நச்சுயிரியைக் கருமுட்டைகளில் தொடர்ந்து செலுத்தி வீரியம் குறைத்து உருவாக்கிய தடுப்பூசி வகை பெரும் காப்பாக அமைந்தது. ஆயினும் அது குளிரில் காக்கப்பட வேண்டியது. குப்பிகளோ நூற்றுக்கணக்கான கோழிகளுக்குரிய அளவில் வருபவை. எட்டுக் கோழி வைத்திருப்பவருக்காக ஒரு குப்பியைத் திறப்பார் இல்லை. ஆஸ்திரேலியாவின் பீட்டர் ஸ்பிராட்பிரோ வெப்பம் தாங்கும் தடுப்பு மருந்துகளை உருவாக்கியபோது, அதைத் தானியத்தில் கலந்து தூவிவிட்டால் ஒரு கோழியையும் பிடிக்க வேண்டாமே என்ற எண்ணம் இருந்தது. களத்தில் அது எதிர்பார்த்தபடி அமையவில்லை. தானியம் வழி பெற்ற காப்பு ஏற்றத்தாழ்வாக இருந்தது. மொசாம்பிக்கில் ராபின் ஆல்டர்ஸ் பணியாற்றிய ஊர்ப்புறத் திட்டங்களில், நான்கு மாதத்துக்கொரு முறை ஒவ்வொரு கோழியையும் பிடித்துக் கண்ணில் ஒரு சொட்டு விடும் முறையே நிலைபெற்றது. அதைச் செய்தவர்களுள் ஊர்ப்பெண்கள் பலர். கையைத் தவிர்ப்பதற்காகத் தேடிய வழி மீண்டும் கையில் வந்து முடிந்தது. நாள்தோறும் அடைக்கும்போது பிடிக்கப்பட்டுப் பழகிய கோழியை அந்தச் சொட்டுக்காகப் பிடிப்பது எளிது. பழகாததைத் துரத்தித்தான் பிடிக்க வேண்டும்.

இந்தப் பழக்கம் வெறும் வசதி மட்டும்தானா என்ற கேள்வியை வர்ஜீனியாவில் கிராஸ், சீகல் ஆகிய இருவரும் 1970களின் இறுதியிலிருந்து ஆராய்ந்தனர். குஞ்சுப் பருவம் முதல் மென்மையாகக் கையாளப்பட்டு, பேச்சுக் கேட்டு வளர்ந்த கோழிகளும், தீனி மட்டும் போடப்பட்டுக் கண்டுகொள்ளாமல் விடப்பட்ட கோழிகளும் ஒப்பிடப்பட்டன. முன்னவை தீனியைச் சிறப்பாகப் பயன்படுத்தின, ஈ. கோலை நுண்ணுயிரியை எதிர்த்து நன்றாக நின்றன. ஆஸ்திரேலியாவில் பார்னெட், ஹெம்ஸ்வொர்த் குழுவினர் 1990களின் தொடக்கத்தில் முட்டைக்கோழிப் பண்ணைகளில் மனிதரைக் கண்டு அஞ்சும் அளவையும் முட்டை விளைச்சலையும் ஒப்பிட்டு, அச்சம் மிகுந்த இடத்தில் விளைச்சல் குறைவதைக் கண்டனர். கை நலத்தை அறிவதோடு நிற்காமல் நலத்தின் ஒரு காரணமாகவும் இருக்க முடியும் என்பது இதன் பொருள். அதற்குள் உலகின் பெரும்பாலான முட்டைக்கோழிகள் கம்பிக்கூண்டுக்குள் போய்விட்டிருந்தன. அலகு வெட்டவும் தடுப்பூசி போடவும் கடைசியில் லாரியில் ஏற்றவும் மட்டும் தொடும் கையைக் கோழி எப்படி அறிந்திருக்கும் என்பதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை.

2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்திலுள்ள நவாப்பூரில் எச்5என்1 பறவைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. உடல் முழுதும் மூடிய உடையணிந்த பணியாளர்கள் லட்சக்கணக்கான கோழிகளைக் கொன்று புதைக்கும் படங்கள் நாளேடுகளில் வந்தன. அச்செயலுக்கு ஆங்கில நாளேடுகள் வழங்கிய சொல் ‘கல்லிங்’. இலத்தீனில் ‘திரட்டு, பொறுக்கு’ என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த இச்சொல், ஹோகனின் காலத்தில் ஒவ்வொரு கோழியையும் கையிலெடுத்துப் பார்த்து, வேண்டாததை மட்டும் பிரித்தெடுப்பதைக் குறித்தது. நவாப்பூரில் அது எதையும் பார்க்காமல் எல்லாவற்றையும் கொல்வதைக் குறித்தது. ஒரு நூற்றாண்டுக்குள் ஒரு சொல்லின் உள்ளே இருந்த கை காணாமற்போயிற்று. அந்த நச்சுயிரி மனிதரையும் கொல்லவல்லது. நோயுற்ற, இறந்த கோழிகளை வெறுங்கையால் தொடாதீர்கள் என்ற அறிவிப்பு அன்றும் சரி, இன்றும் சரி. ஆனால் தொட்டுப் பார்த்தே நோயை அறிந்த வீட்டில், நோயுற்றதைத் தொடாதே என்ற கட்டளையை எந்த நொடியிலிருந்து பின்பற்றுவது என்பதை அறிவிப்பு சொல்லவில்லை.

2019இன் 20ஆம் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 85 கோடிக்கு மேற்பட்ட கோழியினங்கள் இருந்தன. அவற்றுள் புறக்கடையில் வளர்ந்தவை 31.7 கோடி, 2012இல் இவ்வெண்ணிக்கை 21.7 கோடி. வணிகப் பண்ணைக் கோழிகள் அதே காலத்தில் 4.5 விழுக்காடு மட்டுமே கூட, புறக்கடைக் கோழிகள் ஏறத்தாழ 46 விழுக்காடு கூடின. மருத்துவர் வராத, எடைக்கருவி இல்லாத அந்த முற்றங்களில் நெஞ்செலும்பைப் பார்ப்பது இன்றும் விரல்தான்.

மறுபுறம், விரலைக் கைவிட்ட ஆய்வுலகமே அதைத் தேடிக்கொண்டு திரும்பியிருக்கிறது. ஆண்டுக்கு முந்நூறு முட்டையை எட்டும்படி தேர்ந்தெடுக்கப்பட்ட இன்றைய கோழிகளில் நெஞ்செலும்பு முறிவு பெரும் நலச்சிக்கலாகியுள்ளது. பல மந்தைகளில் பாதிக்கும் மேற்பட்ட கோழிகளில் அது காணப்படுகிறது. காரணம் கூட்டில் மோதுவதா, சுண்ணாம்புச்சத்து முட்டையோட்டுக்குப் போய்விடுவதா, இளம் வயதிலேயே முட்டைக்கு வந்துவிடுவதா என்ற விவாதம் முடியவில்லை. உயிருள்ள கோழியில் முறிவை அறிய, பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் வில்கின்ஸ் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வு தடவிப் பார்க்கும் முறையையே சோதித்தது: பயிற்சி பெற்றவர்கள் விரலோட்டிச் சொன்னதை அறுவைக்குப் பின் கண்டதோடு ஒப்பிட்டார்கள். விரல் பெரும்பாலும் சரியாகவே சொன்னது. பின்னர் எக்ஸ்ரே கொண்டு நடந்த ஆய்வுகள் விரல் தவறவிடுவது எதை என்று காட்டின. ஆறிப் புடைத்த பழைய முறிவு விரலுக்கு அகப்படுகிறது. புதிய முறிவும், எலும்பின் பின்முனையில் நேரும் முறிவும் நழுவிவிடுகின்றன. முறிவுகள் மிகுதியாக நேர்வது அந்தப் பின்முனையில்தான். 1913இல் ஹோகன் தம் உள்ளங்கையை வைத்து விரல்களை எண்ணத் தொடங்கிய இடமும் அதுவே.